காதில் குறைத்த குரல்

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். புழுக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் அந்தச் சின்னக் கருவி நான் பேசுவதைச் சரியாக எடுக்குமோ எடுக்காதோ, விசிறியின் ரீங்காரத்தைக் கட்டாயம் எடுக்கும். பிற்பாடு யாராவது உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு எழுதவேண்டியிருக்கும் இல்லையா? அந்தப் புண்ணியவதியின் காதை நினைத்துச் சொல்கிறேன். கருவியை என் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். அடியில் கைக்குட்டையை மடித்துப் போடுங்கள். நீங்கள் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். ம், இப்போது சரி.

என் தொழில் இதுதான். பாடுகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்கள் குரலைப் பிடித்துவைப்பேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஒலிப்பதிவு என்ற படிப்பு அம்மாவின் வாயில் நுழையவில்லை. எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பதால் என் தங்கைக்கு வீட்டில் ரேடியோ என்று பட்டப்பெயர். அதனால் யாராவது விசாரித்தால், "சின்னவ ரேடியோ, பெரியவ ரேடியோ ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு அம்மா தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பாள். பிறகு தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

எதற்காகச் செய்தாய் என்று எடுத்த எடுப்பில் கேட்டீர்கள். அப்படிக் கேட்டால் பதில் சின்னதாகத்தான் வரும்: பாட்டு நன்றாக வரவேண்டும் என்பதற்காக. அதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். நான் பைத்தியமில்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருடம் ரேடியோ பள்ளிக்கூடத்தை விட்டாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தவேண்டும், மறுபக்கம் வருவதை மடித்து அடுக்கவேண்டும். யாரும் அவளைப் போ என்று சொல்லவில்லை. போகாதே என்றும் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி உங்களிடம் பேசியவர்கள் எல்லோரும் இதை முதலில் சொல்லியிருப்பார்கள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. "நீ படி, நான் மடிக்கிறேன், ரெண்டும் தாளைப் புரட்டுற வேலைதானே" என்பாள். விரிப்பைத்தான் தாள் என்பாள். ரேடியோவுக்கு எல்லாமே விளையாட்டுத்தான்.

அந்தச் சலவைக்கூட இரைச்சலுக்குள் அவள் பாட்டுக் கட்டினாள். எழுதமாட்டாள், மனதிலேயே வைத்திருப்பாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே பாட ஆரம்பிப்பாள். எங்கள் அப்பா இரவுக் காவல் வேலை பார்த்தவர், பகலில் தூங்குவார். நாங்கள் இருவரும் வளர்ந்ததே கதவை ஓசைப்படாமல் சாத்தித்தான். அதை வைத்து "மெல்லக் கதவடை" என்று ஒரு பாட்டுக் கட்டினாள். "மெல்லக் கதவடை, உள்ளே ஒருத்தர் உழைத்துத் தூங்குறார்." இவ்வளவுதான் பல்லவி. மெட்டு அப்படியே காதில் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் கேட்டிருப்பீர்கள்; நான் இந்தக் கட்டடத்துக்குள் வரும்போது வாசலில் நிற்கும் காவலர் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவளிடம் மெட்டு இருந்தது. என்னிடம் காது இருந்தது. கல்லூரி ஒலிக்கூடத்தில் ஒரு அலமாரி நிறையப் பழைய இசைத்தட்டுகள் கிடந்தன. கூடப் படித்த பிள்ளைகள் வீட்டிலேயே சொந்த ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள், அந்த அலமாரிப் பக்கம் வரவேமாட்டார்கள். நான் அதிலேயே குடியிருந்தேன். சோல் என்று ஒரு பாட்டு வகை. தேவாலயத்தில் கைதட்டிப் பாடிப் பழகியவர்கள் பிற்பாடு காதலையும் பட்டினியையும் அதே தொண்டையில் பாடியது. அந்தக் குரல்கள் சுத்தமாக இருக்காது. உச்சிக்குப் போகும்போது துணி கிழிவது போல ஒரு இடத்தில் கிழியும். அந்தக் கிழிசல் வழியாகத்தான் ஆள் உள்ளேயிருந்து வெளியே எட்டிப்பார்ப்பார். எனக்கு அதில்தான் உயிர்.

அப்படி ஒரு ஆல்பம் போடலாம் என்றேன். மேலே கேட்டால் கிட்டார் வைத்த பாப் ராக், அடியில் அந்தப் பழைய சோல்: நிதானமாக நடந்துபோகும் பேஸ் கிட்டார், ஆர்கன், இரண்டு ட்ரம்பெட், கைதட்டல். ரேடியோ உடனே சரி என்றாள். நான் எதைச் சொன்னாலும் உடனே சரி என்பாள்.

பேஸ் வாசிக்க ஒருவன் வந்தான். புகார் கொடுத்தவன் அவன்தான். அகலக் காலர் வைத்த பழைய காலத்துச் சட்டைதான் போடுவான். அதனால் அவனுக்குக் காலர் என்றே பெயர். காற்றடித்தால் பறந்துவிடுவான் என்று ரேடியோ கிண்டலடிப்பாள். அவன் அவளுக்குப் பதில் சொல்லமாட்டான், என்னைப் பார்த்து, "காலேஜ், உன் தங்கச்சிய உள்ள விட்டுக் கதவ மூடு" என்பான். நல்லவன்தான். அவன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.

நாங்கள் பதிவு செய்த இடம் முன்னே காய்கறி வைக்கும் குளிர்க்கிடங்காக இருந்தது. சுவர் ஒரு முழம் கனம். வெளிச்சத்தம் துளி வராது. நடுவில் கண்ணாடி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தோம். குளிரூட்டும் இயந்திரத்தை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆனாலும் சுவரில் அந்தக் குளிர் கொஞ்சம் தங்கியிருந்தது. ரேடியோ காலைமுறை வேலை முடிந்ததும் நேராக வருவாள். கையெல்லாம் சோப்பு வாசனை. கனத்த கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாக எனக்குக் கட்டைவிரலைக் காட்டுவாள்.

முதலில் எடுத்த பாட்டுகளைக் கேட்க இசைக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ரேடியோவைப் பார்த்து, "குரல் கண்ணாடி டம்ளர் மாதிரி இருக்கும்மா. வரம். ஆனா சோகத்த படிச்சுப் பாடுற மாதிரி இருக்கு, பட்டுப் பாடுற மாதிரி இல்ல" என்றார். ரேடியோ சிரித்துவிட்டு, "அப்ப நல்லா பட்டுட்டு வரேன் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒலியை அமைத்த விதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்போது என்னிடம் காப்பிக் கோப்பையை நீட்டிவிட்டுப் போனார். இது ஒரு காரணமா என்று கேட்காதீர்கள். இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி என்பதுதான் விஷயம். அவள் குரலில் கிழிசலே இல்லை.

இப்போது ஒரு தொழில் விஷயம். பாடுகிறவள் ஹெட்போனில் இரண்டைக் கேட்பாள்: வாத்தியங்களையும், தன் குரலையும். இரண்டையும் எந்த அளவில் கொடுப்பது என்பது என் விரலில் இருக்கிறது. அவள் காதில் அவள் குரலைக் கொஞ்சம் குறைத்தால் அவள் தன்னையறியாமல் உரக்கப் பாடுவாள். கூட்டினால் அடங்கிப் பாடுவாள். இது எல்லோரும் செய்வது, எந்த ஸ்டுடியோவிலும் கேட்டுப் பாருங்கள். நானும் ஒரு மயிரிழை குறைத்தேன். அவள் கழுத்து நரம்பு எழுந்தது. குரல் உடனே நன்றாக இருந்தது. மறுநாள் இன்னொரு மயிரிழை.

அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் எதிர்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்வாள், வேலை கெட்டுவிடும். குழந்தைக்கு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா?

சில வாரம் போனது. அவளுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது. பேச்சு காலையில் கரகரக்கும், மதியத்துக்கு மேல் காற்றாக வரும். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "பெரியவளே, நீ படிச்சவ, அவள ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு வா" என்றாள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் முதலில் என் கைக்கு வரும். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் பேசுவேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால் நிற்பார்கள். அவர் என்ன சொல்றார் என்று என் முழங்கையைப் பிடித்துக் கேட்பார்கள். நான் சொல்வேன். சொன்னதுதான் சட்டம்.

தொண்டை டாக்டர் மூக்கு வழியாக ஒரு மெல்லிய கேமராவைவிட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண்கள் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஒன்றின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. டாக்டருக்கு எங்கள் வீட்டு மொழி தெரியாது. படித்தவர்களின் மொழியில் என்னிடம் பேசினார். நாணில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்றார். பாடவே கூடாது, கொஞ்ச காலம் பேசவும் கூடாது, ஓய்வு கொடுத்தால் தானாக ஆறிவிடும் என்றார். கட்டாயப்படுத்திப் பாடினால் அது வெடிக்கும், வெடித்தால் நாணுக்குள் ரத்தம் கட்டித் தழும்பாகிவிடும், அந்தக் குரல் பிறகு திரும்பாது என்றார். மிகத் தெளிவாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை.

ரேடியோ என் முழங்கையைப் பிடித்தாள். "என்னக்கா சொல்றாரு?"

"தூசி ஒத்துக்கலையாம். சலவைக்கூடத்துப் பஞ்சு. வெந்நி நெறைய குடிக்கணுமாம்."

"பாடலாமா?"

"தாராளமா பாடலாமாம்."

அவள் திரையைக் காட்டி, "அது என்ன செவப்பா?" என்றாள். கேமராவின் விளக்கு என்றேன்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் டாக்டருக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. இவருக்குப் புரிந்ததா என்று என்னிடம் கேட்டார். புரிந்தது என்றேன். அவர் திருப்தியாகாமல் அவளையே பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்தி, பாட, வேண்டாம், என்று அவர் மொழியில் சொன்னார். தெரியாத மொழியை மெதுவாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று படித்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை. ரேடியோ ஒவ்வொரு வார்த்தைக்கும் பணிவாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "நல்ல மனுசன்க்கா, எவ்வளவு பொறுமையா சொல்றாரு" என்றாள்.

நீங்கள் பேனாவை வைத்துவிட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் நான் எதையும் மாற்றிச் சொல்லப்போவதில்லை.

நான் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். குரலில் அந்தக் கிழிசல் வர ஆரம்பித்திருந்தது. அவ்வளவு காலமாக நான் இசைத்தட்டுகளில் மட்டும் கேட்ட ஒன்று என் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்றார் டாக்டர். ஆறிவிட்டால் மறுபடி கண்ணாடி டம்ளர். ஊரில் எத்தனை கண்ணாடி டம்ளர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவளும் அவற்றில் ஒருத்தியாகி, பாட்டும் வேலைக்காகாமல், வயசான பிறகும் அந்த உருளைக்கு விரிப்பைத் தின்னக் கொடுத்துக்கொண்டிருப்பாள். என் படிப்புக்கு அவள் கொடுத்ததற்கு நான் திருப்பித்தர வேண்டாமா? அவளுக்கு ஒரு ஆல்பம், உலகம் மறக்காத ஒரு ஆல்பம் கிடைக்கவேண்டும் என்று நினைத்தேன். அவளுக்காகத்தான்.

கேசட்டுக் காலத்திலிருந்தே இன்னொரு உத்தி உண்டு. பாட்டை ஒரு துளி வேகமாக ஓடவிட்டால் சுருதியும் ஒரு துளி ஏறும். அந்த உயரத்தில் பாடவைத்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் பழைய வேகத்துக்கு இறக்கினால், குரல் கனத்து இருட்டாக, வயது கூடியதுபோல ஒலிக்கும். வாத்தியங்களை முன்பே பதிவு செய்துவிட்டோம். அவற்றின் மேல் அவள் பாடவேண்டியதுதான் பாக்கி. ஆகவே டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்திலிருந்து நான் சுருதியை ஏற்ற ஆரம்பித்தேன். அவளுக்குத் தெரியாத அளவில். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஒரு இழை மேலே. கூடவே அவள் காதில் அவள் குரல் ஒரு இழை கீழே.

அவளுக்குத் தான் கீழே போவதாகத் தோன்றியது. "நேத்து எட்டுன எடம் இன்னிக்கு எட்டலக்கா" என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பாள். என் பக்கத்து மைக்கின் பொத்தானை அழுத்தி, நீ மனசு வைத்துப் பாடவில்லை, சோம்பேறியாகிவிட்டாய் என்பேன். உடனே, "சரிக்கா, இன்னொரு தடவ" என்பாள். எட்டவில்லையே என்று வேலையிடத்தில் இயந்திரங்களுக்கு மேல் கத்திக் கத்திப் பயிற்சி செய்தாள் என்று பிறகு தெரிந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே செய்தது. ஒருநாள் வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு, என்னால் நீங்கள் வாசித்ததெல்லாம் வீண் என்று மன்னிப்புக் கேட்டாள். ட்ரம்பெட் வாசிப்பவர் அவள் தலையில் கைவைத்துவிட்டுப் போனார். அவள் அழுதாள். அழுத பிறகு எடுத்த டேக் அருமையாக இருந்தது.

காலர் ஒருநாள் சொல்லாமல் வந்தான். ஒரு பாட்டின் நடுவில் பேஸைக் கொஞ்சம் மாற்றி வாசிக்கவேண்டும் என்றான். நான் வேகத்தைப் பழையபடி இறக்கிவைக்க மறந்திருந்தேன். இத்தனை காலத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான். அவன் வாசிக்க ஆரம்பித்ததும் ஒட்டவில்லை. கம்பியை முறுக்கினான். மறுபடி வாசித்தான். மறுபடி முறுக்கினான். பிறகு பேஸை மடியில் கிடத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"காலேஜ், என் கம்பி தப்பா, உன் பாட்டு தப்பா?"

இயந்திரம் சூடாகிவிட்டது, சமயத்தில் இழுக்கும் என்றேன். "இழுத்தா எறங்கணும். இது ஏறியில்ல இருக்கு" என்றான். நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வேகத்தை இறக்கி மறுபடி போட்டேன். இந்த முறை ஒட்டியது. அவன் வாசித்துவிட்டுக் கிளம்பினான். ஆனால் வாசலில் நின்று, உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ரேடியோவை ஒரு நிமிஷம் பார்த்தான். அதனால் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

"மெல்லக் கதவடை"யைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது ஒரு மதியம். மற்ற யாரும் இல்லை. அன்றைக்குத்தான் அதுவரை ஏற்றாத அளவு ஏற்றினேன், அவள் காதில் அவள் குரலை ஏறக்குறைய இல்லாமல் செய்தேன். கடலில் நின்று கத்துவதுபோல இருந்திருக்கும் அவளுக்கு. முதல் தடவை பாடினாள், இரண்டாவது பாடினாள், பிறகு நானும் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் முந்தினதைவிட நன்றாக இருந்தது. இடையில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஏதோ குத்துகிறது என்று சைகை காட்டினாள். வெந்நீர் குடி என்றேன். குடித்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்திருக்கலாம்.

கடைசி டேக்கில், பல்லவி மூன்றாம் முறை திரும்பும் இடத்தில், அது நடந்தது. உச்சியில் குரல் கிழிந்தது. நான் கேட்ட எந்த இசைத்தட்டிலும் அப்படி ஒரு கிழிசல் இல்லை. கிழிந்து, அடியில் ஒரு கனமான, ஈரமான ஒலியாக விழுந்து, அதிலும் அவள் மெட்டை விடாமல் ஒரு வரி பாடினாள். என் கையில் மயிர் சிலிர்த்தது. பிறகு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மைக்குக்கு மிக நெருக்கமாக, காற்றாகச் சொன்னாள்:

"அக்கா, போதும்."

அதுதான் அவள் குரலில் கடைசியாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. கையில் துப்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பதிவை நிறுத்தவில்லை. ட்ரம்பெட் ஓய்ந்து கடைசி ஓசை அடங்கும்வரை ஓடவிட்டேன். பாதியில் நிறுத்தினால் டேக் வீணாகிவிடும்.

டாக்டர் முன்பு சொன்னபடியே ஆனது. நாணில் தழும்பு. அம்மாவிடம், இது வேலை செய்யும் இடத்துத் தூசியால் வந்தது என்றேன். அம்மா அந்தச் சலவைக்கூடத்தைச் சபித்தாள்.

ஆல்பம் வெளிவந்தது. உங்களுக்கே தெரியும், சொல்லத் தேவையில்லை. இந்த மாதிரி ஒரு குரலைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று எழுதினார்கள். கம்பெனிக்காரர் என் கையைக் குலுக்கினார், இரண்டு கையாலும். "போதும்" என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம், ஒரு விரல் அசைவுதான். முன்னால் வந்த "அக்கா"வை மட்டும் வெட்டினேன். கேட்பவர்களுக்கு யார் அக்கா என்று குழப்பமாக இருக்கும். "போதும்" மட்டும் தனியாக, கொஞ்சம் எதிரொலி சேர்த்து. அந்தப் பாட்டிலேயே எல்லோருக்கும் பிடித்தது அந்த இடம்தான். காதலனிடம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பேருந்தில் பள்ளிக்கூடப் பெண்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, ஒன்றுசேர்ந்து, அதே மாதிரி காற்றாகச் சொல்வதை நான் என் கண்ணால் பார்த்தேன். ரேடியோவும் அன்று என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையில் வாசிப்பதற்காகக் காலர் பதிவுகளின் மூலத்தைக் கேட்டான். கம்பெனி எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டது. அவன் நாள் நாளாகப் பிரித்து ஒவ்வொன்றின் சுருதியையும் பார்த்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மடிக்கணினியைத் தரையில் வைத்து, ரேடியோவின் காதில் ஹெட்போனை மாட்டி, முதல் நாள் பதிவையும் கடைசி நாள் பதிவையும் அவள் பாடிய உயரத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டான். "நீ எறங்கல, ரேடியோ. உன்னைத்தான் உங்கக்கா ஏத்திக்கிட்டே போயிருக்கா" என்றான். அம்மா அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள்.

அவள் முழுக்கக் கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, என் மடியில் வைத்தாள். பிறகு என் முகத்துக்கு நேராகக் குனிந்து, மூச்சில் கேட்டாள். உதட்டைப் பார்த்தால்தான் புரியும்.

"டாக்டர் அன்னைக்கு என்னக்கா சொன்னாரு?"

நான் பொய் சொல்லவில்லை. டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எங்கள் மொழியில் சொன்னேன். நல்ல மொழிபெயர்ப்பு அது. ரத்தக்குழாய்க்கும் குரல்நாணுக்கும் அவளுக்குப் புரிகிற வார்த்தையாகத் தேடிப் போட்டுச் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. ரேடியோ கடைசிவரை தலையாட்டிக்கொண்டே கேட்டாள், டாக்டர் முன்னால் ஆட்டியதுபோலவே.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் தொண்டைக்கு நல்லது. இப்போதாவது டாக்டர் சொன்னதைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா நான் உட்கார்ந்த இடத்தைத் துடைக்கிறாள். அம்மாவுக்கு இசை தெரியாது.

ஆகவே, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். தெரிந்தேதான் செய்தேன். வெடிக்கும் என்று தெரியும், எப்போது வெடிக்கும் என்றுதான் தெரியாது. அது வெடிக்கும்போது பதிவு ஓடிக்கொண்டிருக்கவேண்டும் என்பதற்காகத்தான் ஒவ்வொரு நாளும் அவள் உள்ளே வருவதற்கு முன்பே பொத்தானை அழுத்திவிடுவேன். அவள் காட்டிய கட்டைவிரலைக்கூட நான் பதிவு ஓட ஆரம்பித்த பிறகுதான் பார்த்தேன். இதில் கையெழுத்துப் போடவேண்டுமென்றால் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீங்கள் புரிந்துகொள்ளவேண்டும். எல்லோரும் அவள் கதை முடிந்துவிட்டதுபோலப் பேசுகிறீர்கள். அவள் இப்போதும் வேலைக்குப் போகிறாள், வீட்டுத் துணியையும் அவள்தான் மடிக்கிறாள். தனியாக இருக்கிறோம் என்று நினைக்கும்போது அவள் பாடுகிறாள். குரல் இல்லை, வெறும் மூச்சு. ஆனால் அந்த மூச்சுக்குள் ஒரு மெட்டு இருக்கிறது, காது வைத்துக் கேட்டால் பிடிபடும், நான் அந்த மாதிரி ஒன்றை இதுவரை எங்கேயும் கேட்டதில்லை. அடுத்த ஆல்பம் முழுக்க அப்படியே செய்யலாம். வாத்தியமே வேண்டாம். போன மாதம் சமையலறை அலமாரிக்கு மேலே, பழைய டப்பாக்களுக்குப் பின்னால், ஒரு நல்ல மைக்காக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தயவுசெய்து அதை யாரையும் எடுக்கச் சொல்லாதீர்கள், அது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவளிடமும் சொல்லவேண்டாம்.

தெரிந்தால் கூச்சப்படுவாள்.